ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்ட இரண்டு பிரபலங்கள் ஒரே துறையில் இருந்ததுண்டா?

இருந்தார்கள். எஸ். சந்திரசேகர், இன்னொரு எஸ். சந்திரசேகர். இருவரும் இயற்பியல்காரர்கள், ஒருவர் சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன், இன்னொருவர் தங்கை மகன். வினாடி வினாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு இவ்வளவு போதும். மேற்கொண்டு எழுதுவது என் வயிற்றெரிச்சலுக்காக.

நான் ஒரு கல்லூரி நூலகர். ஆசிரியர் பெயர் வரிசையில் 'சந்திரசேகர், எஸ்.' என்று எங்களிடம் மூன்று பேர் உண்டு. முதலாமவர் எல்லோருக்கும் தெரிந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு வாங்கியவர். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறை சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் போனால் அது நிலைக்காது என்று கணக்குப் போட்டவர். இரண்டாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். முதலாமவர் மேல்படிப்புக்கு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய அதே 1930இல் கல்கத்தாவில் பிறந்தார். மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகை ஆய்வாளர். இந்திரா காந்தி அமைச்சரவையில் 1967 முதல் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையைக் கவனித்தார். இவருக்கும் ராமன் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை.

முதல் இருவருக்கும் பெயர் ஒன்றானது தற்செயல் இல்லை. ராமனின் அப்பா பெயர் சந்திரசேகர ஐயர். மகன் வயிற்றுப் பேரன் ஒருவர், மகள் வயிற்றுப் பேரன் ஒருவர், இரண்டு வீட்டிலும் தாத்தா பெயரை வைத்திருக்கிறார்கள். அப்பாக்கள் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கித் தொலைத்தது. தமிழில் எழுதியிருந்தால் சு., சி. என்று பிரிந்திருக்கும்.

இளையவரை லேசாக நினைக்காதீர்கள். திரவம் போல ஓடினாலும் உள்ளே மூலக்கூறுகள் படிகம் போல ஒழுங்காக நிற்கிற பொருள் திரவப் படிகம், ஆங்கிலத்தில் லிக்விட் கிரிஸ்டல். அதன் மூலக்கூறு குச்சி மாதிரி நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1977இல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இவரும் சதாசிவா, சுரேஷ் என்ற இருவரும் சேர்ந்து, வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் அடுக்கி வைத்த தோசை போல ஒன்றின் மேல் ஒன்றாக நின்று திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். எல்சிடி திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரிய ஒட்டுகிற படலங்களில் அந்த வகைப் பொருள்தான் பயன்பட்டது. இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ராயல் மெடல் மூத்தவருக்கு 1962இல், இளையவருக்கு 1994இல்.

இப்போது என் கதை. நூலகப் புத்தக அட்டவணையைக் கணினிக்கு மாற்ற நிர்வாகம் ஒரு கம்பெனியைப் பிடித்தது. வந்த பையன் வேலையை முடித்துவிட்டு, "சார், ஒரே ஆத்தர் மூணு தடவை இருந்தாரு, டூப்ளிகேட்னு மெர்ஜ் பண்ணிட்டேன்" என்றான். திறந்து பார்த்தால் நோபல் சந்திரசேகர் படம். அதன் கீழே விண்மீன் புத்தகம், 'லிக்விட் கிரிஸ்டல்ஸ்', இந்தியாவில் சிசு மரணம் பற்றிய புத்தகம், எல்லாம் வரிசையாக! முதல்வரிடம் போனேன். "நோபல் வாங்கினவர் பேர்ல அதிகமா புத்தகம் இருக்கறது நமக்குப் பெருமைதானே, விடுங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒருவர், "பெரிய மூளைக்காரங்க பல துறையில எழுதுவாங்க" என்று தாளம் போட்டார். அவர் எடுப்பது இயற்பியல்.

ஐடி தம்பிகள் சண்டைக்கு வர வேண்டாம், மென்பொருளை நான் குறை சொல்லவில்லை. ஆசிரியர் பிறந்த ஆண்டுக்கு அதில் தனிக் கட்டமே இருக்கிறது. என் அட்டைகளிலும் ஆண்டு இருந்தது. பார்த்து நிரப்ப வேண்டிய ஆள் நிரப்பவில்லை. நோபல்காரரை மட்டம் தட்டுகிறேன் என்றும் யாரும் கிளம்பாதீர்கள். அவர் பெயரில் 1999இல் நாசா ஒரு விண்வெளித் தொலைநோக்கியையே அனுப்பிவிட்டது, அவருக்கு என் தயவு தேவையில்லை. இளையவர் எழுதியதை இன்னொருவர் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அவர் 2004இல் காலமானார், வந்து முறையிட முடியாது.

மூன்று பேரையும் பிரித்துப் போட ஒரு வாரம் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். அட்மிஷன் முடியட்டும் என்று பதில். அட்மிஷனில் டோக்கன் கொடுப்பவன் நான்தான். நூலகருக்கு என்ன வேலை, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று பட்டமளிப்பு விழாவுக்குச் சால்வை எண்ணவும் என்னைத்தான் அனுப்புவார்கள். நெட் தகுதித் தேர்வு தேறி, பிஎச்.டி. முடித்து, ஆசிரியர்களுக்குச் சமமான தகுதியோடு வந்தவன். இது முடிந்தால் செமஸ்டர் பரீட்சை வரும், ஹாலில் நிற்க முதலில் என் பெயரைத்தான் போடுவார்கள். அந்த மூன்று வாரமும் நூலகம் பூட்டிக் கிடக்கும். மாணவர்கள் படிப்பதே இல்லை என்று அதே முதல்வர் மேடையில் வருத்தப்படுவார்.