அப்போதைக்கு இப்போதே

கேள்வி: எனக்கு வயது 72. சிறு வயதில் தாத்தா சொல்லிக்கொடுத்த பாசுரங்களை இன்றுவரை விடாமல் சேவித்து வருகிறேன். கொஞ்ச நாளாக நடுவில் அடி மறந்துபோகிறது. தெரிந்தவர்களின் பெயர்கூட வாயில் வருவதில்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்து போனாள். உயிர் பிரியும்போது பகவானை நினைத்தால்தான் நல்ல கதி என்கிறார்கள். எனக்கும் அம்மா மாதிரி ஆகிவிட்டால் இத்தனை வருடப் பக்தி வீண்தானா? இப்போதே மருமகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயில் படி ஏறுகிறேன். பாரமாகிவிட்டோமே என்று மனசு கூசுகிறது. (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: வீண் இல்லை, அம்மா. அப்படி உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

கீதையின் எட்டாம் அத்தியாயத்தில், கடைசியில் எதை நினைத்தபடி உடலை விடுகிறானோ அதையே மனிதன் அடைகிறான் என்று ஆறாம் சுலோகம் சொல்வது உண்மை. உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த சுலோகமே, 'ஆகையால் எல்லாக் காலத்திலும் என்னை நினை, போரும் செய்' என்கிறது. கண்ணன் அர்ச்சுனனிடம் கேட்பது அன்றன்றைய நினைவை. நீங்களோ இன்னும் வராத ஒரு நாளை நினைத்து நடுங்கி, கையில் இருக்கும் இந்த நாளைத் தொலைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த பெரியாழ்வாருக்கே வந்தது. 'எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன்' என்று உங்கள் ஊர் அரங்கனிடமே ஒளிக்காமல் சொல்கிறார். உடம்பு தளர்ந்து வதைக்கும் நேரத்தில் உன் நினைப்பு எனக்கு வராது என்று பெருமாளிடமே சொல்ல எவ்வளவு உரிமை வேண்டும், பாருங்கள்! அதற்கு அவர் கண்ட வழிதான் 'அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்' என்பது. அடுத்த பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், 'சாமிடத்து என்னைக் குறிக்கொள் கண்டாய்' என்கிறார். சாகும் நேரத்தில் நீ என்னை நினைவில் வை என்று பொறுப்பை அவன் தலையில் வைத்துவிடுகிறார். இந்தப் பாசுரங்கள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இத்தனை வருடம் வாயால் சொன்னதை இப்போது நம்பவும் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வராக அவதாரத்தில் பகவான் சொன்னதாக வைணவப் பெரியவர்கள் போற்றும் வராக சரம சுலோகமும் இதையேதான் சொல்கிறது. மனமும் உடம்பும் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், கடைசியில் கட்டையாகவும் கல்லாகவும் கிடந்தாலும் நான் அவனை நினைக்கிறேன், பரமபதத்துக்கு அழைத்துப் போகிறேன் என்பது அங்கே பகவானின் வாக்கு. கட்டை, கல் என்ற அந்த இடத்தை உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள். பெற்ற பிள்ளைகளை அவர் மறந்தார். அதற்காக அவரை யாரும் மறந்துவிடவில்லை. நீங்களே மறக்கவில்லையே, பெருமாளா மறப்பார்?

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மறதியை விதி என்று ஏற்றுக்கொண்டு சும்மா இருப்பது பக்தி ஆகாது. டாக்டரிடம் போங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சாப்பிடும் சில மாத்திரைகள், சரியாகக் காது கேட்காதது என்று இதற்குப் பல காரணம் இருக்கலாம். இவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்தே தீரும் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். அப்படியே வந்தாலும், சிறு வயதில் ராகத்தோடு பதிந்த பாட்டு, பெயரும் முகமும் போன பிறகும் பலருக்குத் தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறோம்.

அப்புறம், மருமகள் கை. ராமானுஜர் 120 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது வைணவ மரபு. வயதான காலத்தில் காவிரியில் நீராடிவிட்டுத் திரும்பும்போது தம் சீடர் பிள்ளை உறங்காவில்லி தாசரின் தோளைப் பிடித்துக்கொண்டு மடத்துக்கு நடப்பாராம். தாசர் உறையூரைச் சேர்ந்த மல்யுத்த வீரர், அந்தணர் அல்லாதவர். குளித்த பிறகு அவரைத் தொடலாமா என்று ஊரில் பேச்சு எழுந்தது. ராமானுஜர் கையை எடுக்கவில்லை. உடையவர் என்று போற்றப்படும் அந்த ராமானுஜருக்கே ஒரு தோள் தேவைப்பட்டது, அம்மா. உங்களுக்கு ஏன் கூச்சம்? அந்தப் பெண் முகம் சுளித்ததாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பாரம் என்று அவள் சொல்லவில்லை, நீங்களாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். ஆசையோடு கை கொடுப்பவளுக்கு இந்தப் பேச்சு வலிக்கும்.

காலையில் அடி மறந்தால் புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சேவியுங்கள். அது குற்றமே இல்லை. படி ஏறும்போது ஒரு பாசுரத்தை உரக்கச் சொல்லி, அதை மருமகளுக்கும் கற்றுக்கொடுங்கள். அடுத்த முறை நீங்கள் நடுவில் நின்றால் மீதியை அவள் சொல்வாள்.