வொனொமின் என்று அழைக்கப்பட்ட நான்கு ஆண்டுகள்

கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், தமிழர் ஒருவருக்கு அந்த வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2016 பெப்ரவரி முதல் 2020 பெப்ரவரி வரை தென்கொரியாவில் அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கான விடை உங்கள் கடவுச்சீட்டில் இருக்கிறது. ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசாவை அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே கொரியா பொதுவாக வழங்குகிறது. இளங்கலைப் பட்டம், குற்றப் பதிவு இல்லை என்ற காவல்துறைச் சான்று, போதைப்பொருள் சோதனை உள்ளிட்ட மருத்துவப் பரிசோதனை ஆகியவை வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு, 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின் வழியாக ஒரு சிறு வாசல் உண்டு. ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியத் தகுதிச் சான்றும் உடையவர்கள் பாடசாலைகளில் துணை ஆசிரியராக விண்ணப்பிக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த வாசலும் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் கனடா சென்று, ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் படித்தவன். அந்தக் கனடியக் கடவுச்சீட்டுத்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது.

கடவுச்சீட்டு சரியாக இருந்தாலும் முகம் ஒரு கேள்வியாகவே இருந்தது. விண்ணப்பத்துடன் புகைப்படம் கேட்பது அங்கே வழக்கம். தொலைபேசியில் என்னுடன் அரை மணி நேரம் மகிழ்ச்சியாகப் பேசிய ஒரு முகவர், புகைப்படம் கிடைத்த பிறகு, பெற்றோர்கள் எதிர்பார்ப்பது வேறு என்று இரண்டு வரியில் எழுதி முடித்துக்கொண்டார். இதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. தமிழர் எவரும் இதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நேரில் சந்தித்த கொரியர்களில் மிகப் பெரும்பாலோர் என்னை அப்படி நடத்தவில்லை என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்ல வேண்டும்.

முதல் ஆண்டை ஒரு நகரத்து ஹக்வொனில் கழித்தேன். ஹக்வொன் என்பது பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகள் போகும் தனியார் கல்வி நிலையம். யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பளிங்குத் தரையும் கண்காணிப்புக் கமராவும் உள்ள ரியூட்டரி என்று எண்ணிக்கொள்ளலாம். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது வரை வகுப்புகள் இருந்தன. சியோலில் ஹக்வொன்கள் இரவு 10 மணிக்கு மூடப்பட வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த விதி எதற்காகத் தேவைப்பட்டது என்பதை நீங்களே ஊகிக்கலாம். எட்டரை மணி வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கண்ணைத் திறந்தபடி உறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். என்னை ஊழியராகப் பதியாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டி, சம்பளத்தில் 3.3 விழுக்காடு வரி மட்டும் பிடித்துக்கொண்டு, ஓய்வூதியக் காப்பும் மருத்துவக் காப்பும் இல்லாமல் வைத்திருந்தார்கள் என்பது ஏழாவது மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. தொழில் அலுவலகத்தில் முறையிட்ட பிறகே, ஓராண்டு முடித்த ஊழியருக்குச் சட்டப்படி உரிய ஒரு மாதச் சம்பளத்தளவு பணிக்கொடை கைக்கு வந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், தேசிய ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2017இல் அரசுப் பாடசாலைகளுக்கு மாறினேன். கியொங்சாங்புக் மாகாணத்தில், பூண்டுக்குப் பெயர்போன உய்சொங் மாவட்டத்தில், மூன்று தொடக்கப் பாடசாலைகள் எனக்கு ஒதுக்கப்பட்டன. அன்றாடம் என்று நீங்கள் கேட்டது பெரும்பாலும் அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றியதாகவே என் நினைவில் விரிகிறது.

காலை எட்டு மணிப் பேருந்து. அதில் ஓட்டுநர், நான், சந்தைக்குப் போகும் நான்கைந்து பாட்டிமார். பாடசாலை வாசலில் சப்பாத்தைக் கழற்றி என் பெயர் எழுதிய தட்டில் வைத்துவிட்டு உட்புறச் செருப்பை மாட்டிக்கொள்வேன். மூன்று பாடசாலைகளிலும் எனக்கு மூன்று சோடிச் செருப்புகள் இருந்தன. வகுப்பு நேரம் 40 நிமிடம். வாரத்துக்கு 22 வகுப்புகள் வரை எடுக்கலாம். மீதி நேரமும் மாலை நாலரை மணி வரை இருக்கையில் இருந்தே ஆக வேண்டும். 1997 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருக்கிறது. வகுப்பில் எப்போதும் கொரிய ஆசிரியர் ஒருவர் உடன் இருப்பார். பொறுப்பு அவருடையது, நான் துணை. இந்த இணை ஆசிரியருடன் உறவு நன்றாக இருந்தால் ஆண்டு நன்றாக ஓடும். இல்லாவிட்டால் உங்கள் தயாரிப்பு எதுவும் உதவாது. எனக்கு அமைந்தவர்களில் இருவர் அருமையானவர்கள். ஒருவர் ஓராண்டு முழுவதும் என்னை ஒலிப்பதிவுக் கருவியாக மட்டுமே பயன்படுத்தினார்.

ஆசிரியர்கள் என்னை ‘வொனொமின் சொன்சேங்நிம்’ என்று அழைத்தார்கள். சொன்சேங்நிம் என்றால் மதிப்புக்குரிய ஆசிரியர். வொனொமின் என்றால் ஒரு மொழியைப் பிறப்பிலிருந்தே பேசுபவர். அந்தச் சொல் என்னைத் தொடர்ந்து உறுத்தியது. நான் ஆங்கிலத்தில் பிறந்தவன் அல்லன். ஒன்பது வயதில், பனி கொட்டிய ஒரு ஜனவரியில், ஸ்காபரோ வகுப்பறை ஒன்றில் வாய் திறக்க அஞ்சி உட்கார்ந்து கற்றவன். பணியமர்த்தியவர்கள் வாங்கியது என் உச்சரிப்பை. ஆனால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்பட்டது அந்த அச்சத்தின் நினைவுதான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

அவர்களுடைய தவறுகள் எனக்கு அந்நியமாகத் தோன்றவே இல்லை. கொரிய மொழியில் ஆங்கிலத்தின் ‘ஃப’ ஒலி கிடையாது. அதனால் காப்பியைக் ‘கொபி’ என்கிறார்கள். என் அம்மம்மா ‘கோப்பி’ என்றார். சொல்லின் இறுதியில் ‘ஸ்’ தனித்து நிற்க அவர்களின் நாக்கு இடம் தராது, ‘பொஸு’ என்கிறார்கள். நாம் ‘பஸ்ஸு’ என்கிறோம். நம் ‘காகம்’ என்ற சொல்லில் ஒரே எழுத்து முதலில் வல்லெனவும் இடையில் மெல்லெனவும் ஒலிக்கிறதல்லவா, கொரிய எழுத்திலும் அப்படியே. இறைச்சியைக் குறிக்கும் ‘கொகி’ என்ற சொல்லில் இரண்டு இடத்திலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. உடன் பணியாற்றிய கனடிய நண்பர்கள் பிடிவாதம் என்றோ கவனக்குறைவு என்றோ நினைத்த இடங்களில், தாய்மொழி வாயில் போட்டுவைத்த பாதை எனக்குத் தெரிந்தது. கீழுதட்டை மேற்பல்லால் மெல்லக் கடித்து ஊது என்று நான் காட்டியபோது, எனக்கு அதைக் காட்டிக் கொடுத்த ஸ்காபரோ ஆசிரியையின் முகம் நினைவுக்கு வரும்.

பகல் உணவு பன்னிரண்டே காலுக்கு. குழிகள் கொண்ட எவர்சில்வர் தட்டில் சோறு, சூப், கிம்சி, இரண்டு கறிகள். தலைமையாசிரியரும் அதே வரிசையில் நின்றுதான் வாங்குவார். எதிர்ப்படும் எவரும் ‘பாப் மொகொஸ்ஸொயோ?’ என்று கேட்பார்கள். சாப்பிட்டீர்களா என்பதுதான் பொருள். ஒரு வெள்ளையர் நண்பர், இவர்கள் என்னை விருந்துக்கு அழைக்கிறார்களா என்று குழம்பினார். எனக்கு அந்தக் கேள்வி யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் கேட்டது போலவே இருந்தது. மரக்கறி மட்டும் உண்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: கிம்சியிலேயே பெரும்பாலும் மீனோ இறாலோ சேர்ந்திருக்கும்.

உய்சொங்கில் பிள்ளைகள் குறைவு. என் மூன்று பாடசாலைகளில் மிகச் சிறியதில் மொத்தம் இருபத்தாறு பேர். ஒரு வகுப்பில் மூன்றே பேர். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை என்ற அளவுக்குக் கொரியாவின் பிறப்பு வீதம் இறங்கியதைச் செய்தியில் படித்தபோது, அந்த மூன்று மேசைகளே கண்முன் வந்தன. அந்தச் சிறு எண்ணிக்கையிலும் வியட்நாமிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ மணமாகி வந்த தாய்மாரின் பிள்ளைகள் பலர். அரசு இத்தகைய குடும்பங்களுக்குத் ‘தமுன்ஹ்வா’, அதாவது பல்பண்பாட்டுக் குடும்பம், என்று நல்லெண்ணத்தோடு பெயரிட்டது. விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் அதே சொல்லை வசையாக்கிவிட்டார்கள்.

நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள்; எழுத்துத் தேர்வில் ஒரு பிழைகூட இராது. அவளுடைய தாய் பிலிப்பைன்ஸ்காரர் என்றும், வீட்டில் மகளோடு ஆங்கிலம்தான் பேசுகிறார் என்றும் இணை ஆசிரியர் சொன்ன பிறகே எனக்குப் புரிந்தது. அந்தப் பாடசாலையில் ஆங்கிலம் மிக நன்றாகத் தெரிந்த பிள்ளை, அது தெரிவதாலேயே தன் தாய் யார் என்பது நினைவூட்டப்படும் என்று அஞ்சி அதை ஒளித்துவைத்திருந்தாள். ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைப் பையை நண்பர்கள் காணாதபடி மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு போன எனக்கு அதை வேறு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

பழங்களின் பெயர் படித்த நாளில், திரையில் மாம்பழப் படம் வந்தபோது எல்லோரும் ‘மாங்கோ’ என்று கத்தினார்கள். அவள் மட்டும் தன்னையறியாமல் ‘மங்கா’ என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பலகையில் அந்தச் சொல்லை எழுதினேன். பக்கத்தில் ‘மாங்காய்’ என்று தமிழில் எழுதி, இது நான் பிறந்த ஊரின் எழுத்து என்றேன். நம் மாங்காய் மலாய் மொழிக்குப் போய் மங்கா ஆனது, அங்கிருந்து பிலிப்பைன்ஸுக்கும் போர்த்துக்கேயர் வழியாக ஆங்கிலத்துக்கும் போனது, கொரியர் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று பூமியுருண்டையில் விரல் வைத்துக் காட்டினேன். ஒரு பையன், அப்படியென்றால் அவள் சொன்னதுதான் மூத்த சொல்லா என்று கேட்டான். ஆம் என்றேன். அவள் அன்று மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து நடைவழியில் என்னை நிறுத்தி, தமிழில் அம்மாவை எப்படி அழைப்பீர்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மா என்றேன். கொரியாவில் ‘ஒம்மா’. இருவரும் சிரித்தோம்.

ஜனவரியில் பிள்ளைகளுக்கு விடுமுறை; ஒப்பந்தப்படி எனக்கு இல்லை. வாரக்கணக்கில் வெறும் பாடசாலையில் ஒரு சூடேற்றியுடன் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பலரும் இதைத் தண்டனையாக எண்ணுகிறார்கள்; நான் அந்த வாரங்களில்தான் கொரியம் படித்தேன். வாக்கிய அமைப்பு தமிழைப் போலவே எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று வருவதால் நமக்கு அது ஆங்கிலேயரைக் காட்டிலும் எளிது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கரைப் பற்றி அறிந்ததும் அப்போதுதான். 1886இல் கொரிய அரசரின் ஆங்கிலப் பள்ளியில் கற்பிக்க வந்த முதல் அயல்நாட்டு ஆசிரியர்களில் அவர் ஒருவர். 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற அவருடைய முடிவை மொழியியலாளர்கள் இன்று ஏற்பதில்லை. ஆயினும், எனக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் இதே வேலைக்கு வந்தவர் தமிழை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்தக் குளிரில் பெரிய துணையாக இருந்தது.

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மாதம் இருபது இலட்சம் வொன்னைச் சற்றே தாண்டிய சம்பளம். தரைக்கு அடியில் சூடேறும் ஒற்றை அறை வீட்டைப் பாடசாலையே தந்தது. சிக்கனமாக இருந்தால் பாதியைச் சேமிக்கலாம். ஓய்வூதியத்துக்கு நானும் மாகாணக் கல்வி அலுவலகமும் தலா 4.5 விழுக்காடு செலுத்தினோம். நாட்டை விட்டுப் புறப்படும்போது கனடியர்களுக்கு அது மொத்தமாகத் திரும்பக் கிடைக்கும், பிரித்தானியருக்கும் தென்னாபிரிக்கருக்கும் கிடைக்காது. ஈ-2 விசாவில் இருந்துகொண்டு தனிப்பட்ட வகுப்பு எடுப்பது சட்டவிரோதம். எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பரிசுகளையும் அப்படியே. 2016 செப்டெம்பரில் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, மாணவர் ஒருவர் ஆசிரியருக்கு ஒரு கோப்பிக் குவளைகூடத் தரக்கூடாது. யூனில் பூண்டு அறுவடையின்போது ஒரு பாட்டி கட்டிக்கொண்டு வந்த பூண்டுக் கொத்தைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

2020 ஜனவரியில் அந்தச் சிறுமி ஆறாம் வகுப்பை முடித்தாள். பட்டமளிப்பு நாளில் அவளுடைய தாய் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அருகில் நின்ற அப்பாவழிப் பாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று உய்சொங் வட்டார வழக்கில் உரக்கக் கேட்டார். மாணவர்களும் பெற்றோர்களும் நிறைந்த மண்டபத்தில், எங்கள் மூவருக்கும் நடுவே நின்றுகொண்டு, தாயின் ஆங்கிலத்தைக் கொரியத்திலும் பாட்டியின் கொரியத்தை ஆங்கிலத்திலும் அவள் மாற்றி மாற்றிச் சொன்னாள். கடைசியில் பாட்டி என்னிடம் கேட்டது எனக்கே விளங்கியது. இருந்தும் அவள் மொழிபெயர்க்கட்டும் என்று காத்திருந்தேன். சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டார்.