சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் இழுபடுவது ஏன்? கோபுரங்களின் சக்தியைக் கூட்டினால் சரியாகாதா?

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரத் தொடர்மாடி ஒன்றின் பத்தாம் மாடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. கோடுகள் காட்டுவது சிக்னலின் பலத்தை. வேகத்தைத் தீர்மானிப்பதோ உங்களுக்குரிய சிக்னலுக்கும் மற்றக் கோபுரங்களின் குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதம். 4ஜியில் அயல் கோபுரங்கள் பொதுவாக ஒரே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. அவ்வளவு உயரத்தில் மறைக்கக் கட்டடம் இல்லாததால் பம்பலப்பிட்டிக் கோபுரமும் தெஹிவளைக் கோபுரமும் உங்கள் ஜன்னலுக்கு வந்துவிடுகின்றன.

எல்லாக் கோபுரங்களும் சக்தியை இரட்டித்தால் குறுக்கீடும் இரட்டிக்கும். விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கோபுரம் பல பத்து வாட்டில் பேசினாலும், உங்கள் கைத்தொலைபேசி பதில் சொல்வது வழக்கமாக அதிகபட்சம் 0.2 வாட்டில்தான். கோபுரத்தின் சக்தியைக் கூட்டினாலும் அந்தப் பதில் பலமாகாது.

வலையமைப்புத் திட்டமிடலில் வேலை செய்பவன் நான். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது, கைத்தொலைபேசிகளின் சக்தியைக் கட்டுப்படுத்த 1993இல் ஃபொஷினி, மில்யானிச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட விதி. ஒவ்வொரு கைத்தொலைபேசியும் தனக்கு வேண்டிய விகிதத்தை, கிடைக்கும் விகிதத்தால் வகுத்து, தன் தற்போதைய சக்தியை அதனால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றவர் நிலை யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எல்லோரையும் திருப்திப்படுத்தும் தீர்வு இருந்தால், மிகக் குறைந்த சக்தியில் அதை வந்தடைவார்கள். தீர்வு இல்லையென்றால் சக்தி உச்சவரம்பு வரை ஏறிக்கொண்டே போகும். அப்போது யாராவது தன் எதிர்பார்ப்பைக் குறைத்தே ஆக வேண்டும். 3ஜியில் ஒரே அலைவரிசையில் எல்லோரும் சேர்ந்து பேசியதால், சக்தியைக் கூட்டு, குறை என்ற கட்டளை நொடிக்கு 1,500 தடவை போனது.

4ஜியில், கோபுரத்தின் வீச்செல்லையில் இருக்கும் கைத்தொலைபேசி, தூரத்தால் இழந்ததை முழுவதும் ஈடுசெய்யாதபடி அமைக்கலாம். அதற்கு வேகம் சற்றுக் குறையும். அயல் கோபுரத்தைச் சேர்ந்தவர்கள் பிழைப்பார்கள். இது நியாயம் என்றே நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். 4ஜி ரவுட்டரைக் கடலுக்கு எதிர்ப்புறமான காலி வீதிப் (Galle Road) பக்க அறையில் வைத்துப் பாருங்கள். கோடு ஒன்று குறைந்து வேகம் கூடவும் கூடும். முறைப்பாடு செய்யும்போது மாடியையும் ஜன்னல் திசையையும் சொல்லுங்கள். தூரத்துக் கோபுரமொன்றின் அன்டெனாவைச் சில பாகை கீழே சாய்த்தாலே தீரக்கூடிய பிரச்சினை இது. அனுமதியில்லாத சிக்னல் பூஸ்டர் மட்டும் வாங்க வேண்டாம். அது கோபுரத்தின் காதில் இரைச்சலைக் கொட்டும். உங்கள் தெருவே அவதிப்படும்.