ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கீமோவைக் கெடுத்துவிட்டதா?

கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) எடுக்கும் அம்மாவுக்கு நீங்கள் கொடுத்த சத்து மாத்திரைகள் சிகிச்சையைக் கெடுத்துவிட்டதோ என்று உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் கவலை, கடைசியில் ஒரே வரி: "பத்தாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல், பாரசிட்டமால் கொடுத்ததும் விட்டுவிட்டது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான். அதற்கு வருகிறேன்.

மார்பகப் புற்றுக்கு அம்மாவுக்கு ஏற்றும் சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின். அது புற்று செல்லின் டிஎன்ஏ அறுந்த இடத்தை மறுபடி ஒட்டவிடாது; கூடவே செல்லுக்குள் ஆக்சிஜன் ராடிக்கல்களையும், அதாவது கண்டதையெல்லாம் தாக்கும் ஆக்சிஜன் துகள்களையும், கிளப்பிவிடும். புற்று செல்லில் அவை ஏற்கெனவே அதிகம். ஓர் அளவுவரை அது புற்றுக்கு லாபம்: வேகமாகப் பெருகும், ராடிக்கல்களை அடக்கும் தன் சொந்தப் பொருளான குளூட்டாதயோனைக் கூட்டிக்கொண்டு சமாளிக்கும். அளவு மீறினால் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா கசிந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே வரும். காஸ்பேஸ் நொதிகள் கிளம்பி செல்லை உள்ளிருந்தே துண்டாக்கும். நமக்கு வேண்டியது அந்த மீறல்தான். பக்கத்து வீட்டார் சொல்லி நீங்கள் கொடுத்த வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400, மஞ்சள் கேப்சூல் எல்லாம் ஆன்டிஆக்சிடன்ட், அதாவது ராடிக்கல்களை அடக்குபவை; அந்த மீறலைத் தணிக்கப் பார்க்கும். நல்ல செல் எது, புற்று செல் எது என்று மாத்திரைக்குத் தெரியாது.

அதனால் இதுவரை போட்ட இரண்டு சுற்று கீமோவும் பாழா? இல்லை. மருந்தின் பெரிய அடி டிஎன்ஏயில் விழுகிறது. சத்து மாத்திரை அதைத் துடைத்துவிடாது. "நான்தான் கெடுத்துவிட்டேனோ" என்று அழுவதை விடுங்கள். இன்றே நிறுத்தி, பாட்டில்களை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் பார்த்து அவர் எழுதித் தந்ததை மட்டும் தொடருங்கள். பின்னால் கதிர்வீச்சு இருந்தால் இன்னும் கவனம். எக்ஸ்ரே டிஎன்ஏயைச் சிதைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ராடிக்கல் வழியாகத்தான்.

"சத்துதானே, என்ன கெட்டுவிடும்?" என்பவரிடம் பின்லாந்தைச் சொல்லுங்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனை, 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது.

டாக்ஸோரூபிசின் இருதயத்தைப் பாதிக்குமோ என்ற பயம் நியாயம். அதற்குக் காவல் மொத்த மருந்தளவுக்கான வரம்பும் எக்கோ என்ற இருதய ஸ்கேனும். படுத்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் உடனே சொல்லுங்கள். சிவப்புச் சிறுநீர் ஓரிரு நாளைக்கு மருந்தின் நிறம், ரத்தமல்ல. மீன்குழம்பில் போடும் மஞ்சள், வேகவைத்த மரச்சீனி, நேந்திரம்பழம் எல்லாம் தாராளமாக. யூடியூபை மூடிவையுங்கள்.

இனி காய்ச்சல். கீமோ முடிந்த 7 முதல் 14 நாளுக்குள் கிருமியோடு போராடும் ரத்த வெள்ளணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கும். சீழ் பிடிக்கக்கூட அணு இருக்காது. கிருமி புகுந்ததற்குக் காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம். பாரசிட்டமால் அந்த அடையாளத்தை மறைக்கும், கிருமியைத் தொடாது. போன முறை தப்பியது அதிர்ஷ்டம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். டீ குடித்து அரை மணி நேரம் கழித்து நாக்கடியில் வையுங்கள். 100.4 டிகிரி ஒரே ஒரு முறை காட்டினாலும் கிளம்ப வேண்டும். சூடில்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும்தான். விடியட்டும் என்று இருக்காதீர்கள். சிகிச்சை திருவனந்தபுரத்தில் என்பதற்காகக் களியக்காவிளை எல்லை தாண்டி ஓடவும் வேண்டாம். ரத்த அணு எண்ணிக்கை பார்த்து, நரம்பில் ஆன்டிபயாடிக் போடக்கூடிய மருத்துவமனை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ எது பக்கமோ அங்கே. போனதும் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி இறங்கவேண்டும். கேசுவாலிட்டியில் "காய்ச்சல்" என்று தொடங்கினால் வரிசையில் உட்கார வைப்பார்கள். "கீமோ போட்டு பத்தாவது நாள், காய்ச்சல்" என்று தொடங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலும் கடைசி ரத்தப் பரிசோதனையும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பையில் இருக்கட்டும்.