சுயாதீன சினிமாவில் எழுதி இயக்குவதையே தொழிலாக வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா?

எழுதிப் பிழைக்கலாம். இயக்கிப் பிழைப்பதுதான் கஷ்டம்.

நான் ஒரே ஒரு முழுநீளப் படம் எடுத்தவன். இரண்டாவது படத்தின் திரைக்கதை இப்போது ஆறாவது டிராஃப்டில் இருக்கிறது. இடையில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அத்தனை வருடமும் வாடகை கட்டியது என் படம் இல்லை. மற்றவர்கள் படத்துக்குப் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்த காட்சிகளும் வசனங்களும்தான்.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதல் பட வீரக் கதைகளைத்தான் கேட்டு வளர்கிறோம். ராபர்ட் ரோட்ரிகஸ் மருந்துப் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்துக் காசு சேர்த்து, ஏறக்குறைய 7,000 டாலரில் படம் எடுத்தார். கிறிஸ்டோபர் நோலன் வேலை பார்த்துக்கொண்டே ஒரு வருடம் சனிக்கிழமைகளில் மட்டும் ஷூட்டிங் வைத்து முதல் படத்தை முடித்தார். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த 7,000 டாலர் படத்தை வாங்கிய ஸ்டூடியோ, அதைத் தியேட்டருக்குத் தயார் செய்ய அதைப்போல் பல மடங்கு செலவழித்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எனக்கு அதைவிட உதவியது அமெரிக்க இயக்குநர் கெல்லி ரைக்கார்ட்டின் கணக்கு. முதல் படம் 1994இல். பெயர் வாங்கித் தந்த 'ஓல்ட் ஜாய்' 2006இல். நடுவில் சூப்பர் 8 என்கிற சின்ன ஃபிலிமில் சின்னச் சின்னதாக ஏதோ செய்துகொண்டிருந்தார். பெயர் வந்த பிறகும் கல்லூரியில் பாடம் எடுப்பதை அவர் விடவில்லை. நீங்கள் கேட்கிற 'தொழில்' என்பது பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு வருடம் மாதிரியான இடைவெளிதான். படம் எடுக்கிற நாட்கள் அதில் கொஞ்சம்.

அமெரிக்க இயக்குநர் ஜான் சேல்ஸைப் பற்றி நன்றாகப் படியுங்கள். குறைந்த செலவில் படம் எடுத்த தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனின் கம்பெனிக்கு ஆளைக் கடிக்கிற மீன் கதையெல்லாம் எழுதிச் சம்பாதித்தார். அந்தப் பணத்தைப் போட்டு 1980இல் வெளியான தன் முதல் படத்தை எடுத்தார். அதைவிட முக்கியம், அவர் கதை பிடித்த விதம். கையில் இருந்தது நாடகக் குழு நண்பர்கள். எல்லோருக்கும் முப்பதை ஒட்டிய வயது. சரி, முப்பதைத் தொடுகிற நண்பர்கள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள் என்றே எழுதிவிட்டார். கதையை எழுதிவிட்டு ஆளும் இடமும் தேடவில்லை. இருந்த ஆளுக்கும் இடத்துக்கும் கதை எழுதினார்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். என் முதல் டிராஃப்ட் 118 பக்கம். 31 லொகேஷன். கிளைமாக்ஸ் ராத்திரி மழையில். உதவி இயக்குநராக நாலு படத்தில் வேலை பார்த்த நண்பன் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "மழை யாருடா கொண்டுவரப் போறா?" என்றான். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அப்புறம் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். திரைக்கதையில் ஒரு பக்கத்துக்குப் படத்தில் ஒரு நிமிடம் என்று கணக்குப் போடுவார்கள் இல்லையா, 84 பக்கத்தில் நிறுத்தினேன். நாலே லொகேஷன். மழை போய், கதவைத் திறக்காமல் இரண்டு பேர் பேசிக்கொள்கிற காட்சி வந்தது. படத்தில் எல்லோரும் நினைவு வைத்துச் சொல்வது அந்தக் கதவுக் காட்சியைத்தான். (மழை போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.)

கேமராவுக்கு வாடகை கொடுத்தே காலியாகிவிடாதீர்கள், ஒலிக்கு மிச்சம் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இரைச்சலால் எனக்கு இரண்டு நாள் ஸ்பாட் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே பதிவு செய்த ஒலி, வீணாகப் போனது. டப்பிங்கில் அந்த நடிகை எவ்வளவு முயன்றும் ஸ்பாட்டில் வந்த குரல் திரும்ப வரவில்லை. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும், அப்போதுதான் கிளம்பும்போது மறுபடி போட மறக்கமாட்டோம் என்கிற பழைய தந்திரத்தைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

பணம் ஏன் வரவில்லை என்றும் கேட்பீர்கள். படத்தை விற்றுக் கொடுத்த ஏஜென்சி போட்ட ஒப்பந்தத்தில் 'செலவு போக மிச்சம்' என்று இருந்தது. செலவுக்கு உச்சவரம்பு எழுதச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. போஸ்டர், பயணம், படம் விற்கிற சந்தையில் கடை போட்ட செலவு எல்லாம் என் கணக்கில் ஏறி, மிச்சம் என்று ஒன்று வரவே இல்லை. வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நடித்தவர்கள், இசையமைத்தவர் எல்லோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். அது இல்லாமல் எந்த ஓடிடி தளமும் படத்தைத் தொடாது.

ஆனால் என் பெரிய தப்பு பணத்தில் இல்லை. கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவு ஓர் இயக்குநரின் முதல் இரண்டு படங்களுக்கு மட்டும்தான். அங்கேயே இரண்டாவது படமும் அறிமுகக் கணக்கில்தான் வருகிறது. நானோ முதல் படத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அது ஒரு விழாவில் ஓடியபோது மூன்று தயாரிப்பாளர்கள் தனித்தனியாக வந்து, "அடுத்து என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஒருவரிக் கதைகூடக் கையில் இல்லை. சிரித்துக்கொண்டே விசிட்டிங் கார்டுகளை வாங்கி வைத்தேன்.

போன மாதம் அதில் ஒருவருக்குப் புதுத் திரைக்கதையை அனுப்பினேன். அந்த முகவரியே இல்லை என்று மெயில் திரும்பி வந்துவிட்டது. இன்னும் இரண்டு கார்டு இருக்கிறது.