தாய்ப்பால் கொடுக்கும்போது பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் வருமா? எப்படிச் சமாளித்தீர்கள்?

ஐந்து மாதக் குழந்தை, சிசேரியன், தாம்பத்தியச் சேர்க்கை என்றாலே பயம், கணவரிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகான நாட்களை யாரோ பார்த்து எழுதின மாதிரி இருந்தது. அதனால்தான் பெயர் மறைத்தாவது பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. தாய்ப்பாலுக்கு எதிராகவும் எழுதவில்லை, பதினான்கு மாதம் கொடுத்தவள் நான்.

எனக்கும் சிசேரியன்தான். அதுவே பெரிய தொல்லையாகப் போய்விட்டது. "கீழே ஒரு தையல்கூட இல்லையே, உனக்கு எங்கே வலிக்கும்?" என்று கேட்காத ஆள் இல்லை. நான்காவது மாதம் சிறுநீர் போகும்போது எரிய ஆரம்பித்தது. பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. பூஞ்சைத் தொற்றாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து, உள்ளே வைக்கும் மாத்திரையை மூன்று முறை வாங்கி வைத்தேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். சுத்தம் போதவில்லையோ என்று வாசனை போட்ட வாஷ் ஒன்றும் வாங்கினேன். அதைப் போல முட்டாள்தனம் வேறில்லை, இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது துடைத்துவிட்டது. அந்த இடத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

சேர்க்கை எப்படி இருந்தது என்றால், வறண்டு போன உதட்டோடு வாய்விட்டுச் சிரித்தால் சுருக்கென்று வெடிக்குமே, அப்படி. இரண்டு முறை பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் முறை குழந்தை அழாமலே எழுந்து போய்த் தூக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு தூங்குவதுபோல் நடிப்பு. "என் மேல கோவமா?" என்றார் கணவர் ஒருநாள். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

முதலில் பார்த்த டாக்டர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "புதுத் தாய்க்கு இதெல்லாம் சகஜம், மனசை ரிலாக்ஸா வச்சுக்குங்க" என்றார். மனசு எங்கே வந்தது இதில்? எரிகிறது என்று சொன்னால் எங்கே எரிகிறது என்று பார்க்க வேண்டாமா?

இரண்டாவது டாக்டர் படுக்க வைத்துப் பார்த்தார். சின்னத் தாள் ஒன்றில் அமிலத்தன்மை பார்த்தார். 4.5-க்குக் கீழே இருக்க வேண்டியது 6 காட்டியது, எண் ஏறினால் அமிலத்தன்மை குறைவு என்று அர்த்தம். பூஞ்சைக்கும் மாதிரி எடுத்தார், அது இல்லவே இல்லை. "மாதவிடாய் நின்னுபோன பெண்ணோட சருமம் மாதிரி இருக்கும்மா" என்றார். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி நிற்கும் வரை சினைப்பை பாதி உறக்கத்தில் இருக்குமாம். பெண்மைக்கான ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடும். அது இறங்கினால் அந்தச் சுவர் மெலியும், ஈரமும் நெகிழ்வும் குறையும். அங்கே இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவும் குறைவதால் அமிலத்தன்மை போய்விடும். சிறுநீர்க் குழாயின் வாய்க்கும் இதே கதி. காரணம் பால் கொடுப்பது, பிரசவம் எந்த வழியில் நடந்தது என்பது இல்லை. இந்த ஒரு வரிக்காக அவருக்குக் கோயிலே கட்டியிருப்பேன்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குத்தான் போன் செய்தேன். "அம்பது வயசுக்கு மேல ஆனவங்க மாதிரி இருக்காம்மா எனக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஆறு வருஷமா அப்படித்தாண்டி எரியுது. வயசாச்சு, யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றாள். ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே வலி, இரண்டு பேருக்கும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமே அவளையும் அனுப்பி வைத்தேன்.

எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: பிறப்புறுப்புக்கென்றே இருக்கும் மாய்ஸ்சரைசரை மூன்று நாளுக்கு ஒருமுறை போட வேண்டும், சேர்க்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது தோலுக்கு. சேர்க்கை நேரத்துக்கு, உராய்வைக் குறைக்கும் லூப்ரிகன்ட் தனி. இரண்டும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். தண்ணீர் சார்ந்தது சீக்கிரம் காய்ந்துவிட்டது, சிலிக்கோன் சார்ந்தது நின்றது. எண்ணெய் மட்டும் வேண்டாம் என்றார், லேட்டக்ஸ் காண்டத்தைக் கெடுத்துவிடுமாம்.

காண்டம் எதற்கு, பால்தான் கொடுக்கிறீர்களே என்று யாராவது வருவார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் கர்ப்பம் ஆகாமல் 98 சதவீதப் பாதுகாப்பு. நான் அப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன், பம்ப்பும் கையுமாக, அதனால் அந்தக் கணக்கை நம்பி இருக்க முடியவில்லை. அலுவலகத்தில் தாய்மார் அறை என்று பலகை மட்டும் இருந்தது. உள்ளே பிரிண்டர் தாள் பெட்டிகள், கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. முதுகைக் கதவில் கொடுத்து நின்றுகொண்டே பால் எடுத்திருக்கிறேன். மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, ஆனால் மகளிர் தினத்துக்கு ரோஜா மட்டும் தவறாமல் வந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அதனால் எழுதிவிட்டேன்.

ஆறு வாரத்தில் பாதிதான் குறைந்தது. பிறகுதான் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை. பாலில் கலக்குமோ என்று நானும் பயந்தேன். உடம்பில் சேருவது மிக மிகக் குறைவு என்று விளக்கினார். எனக்குப் பாலும் குறையவில்லை. ஆனால் என் சீட்டைப் பார்த்து நீங்கள் வாங்காதீர்கள். மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறையும் பிரச்சினையோ இருந்திருந்தால், காரணம் தெரியாமல் ரத்தம் பட்டால், முதலில் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் அது வேறு விஷயம், காத்திருக்க வேண்டாம்.

"பாலை நிறுத்திடு, சரியாயிடும்" என்று ஒரு கூட்டம் சொல்லும். நிறுத்தினால் சரியாகும்தான். அதற்காக நிறுத்தியே ஆக வேண்டும் என்றில்லை. எனக்குப் பதினோராம் மாதம், குழந்தை மற்ற உணவு சாப்பிட்டுப் பால் குடிப்பது குறைந்ததும் மாதவிடாய் வந்தது. அதன் பின் சில வாரங்களில் ஈரம் தானாகத் திரும்பியது. பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கணவரிடம் சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னேன், முகம் தெரியாவிட்டால் வார்த்தை வருகிறது. டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். புரோலாக்டின், ஈஸ்ட்ரோஜன், 4.5, 6 எல்லாம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எனக்கே வியாழக்கிழமைதான் தெரியும்" என்றேன்.