படுவான்கரைக் கோயிலும் சித்திரை வெயிலும்: வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில். சித்திரைப் புத்தாண்டன்று விடியப் பிள்ளையார் கோயிலில் நின்றபோது வெயில் நேரே மூலஸ்தானத்துக்குள் விழுந்தது. போனில் திசை பார்த்தேன். வடக்கிலிருந்து 80 பாகை. கோயிலுக்கு ஆயிரம் வயது என்று பெரியவர்கள் சொல்வார்கள். முன்னோர் சித்திரைப் பிறப்பைக் கணித்துத்தான் இப்படிக் கட்டினார்களா? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

அன்புள்ள தம்பி,

முடியும். சாதாரண தரக் கணிதமே போதும்.

மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு 7.7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று சூரியன் 9.3 பாகை வடக்கே நிற்கும். 9.3இன் சைனை 7.7இன் கோசைனால் பிரியுங்கள்: 0.163. அதற்குரிய கோணம் 9.4 பாகை. நேர் கிழக்கிலிருந்து அவ்வளவு வடக்கே தள்ளி அன்று உதயம். வடக்கிலிருந்து எண்ணினால் 80.6. நீங்கள் கண்டது சரிதான்.

வாவியின் கிழக்குப் பக்கத்து எழுவான்கரைத் தென்னைகளுக்கு மேலே வந்தபிறகுதானே சூரியன் உங்களுக்குத் தெரியும், அது கணக்கைக் கெடுக்காதா என்று கேட்கலாம். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்தே ஏறும். 2 பாகை உயரத்தில் வெளிப்பட்டாலும் திசை கால் பாகைதான் நகரும். 51 பாகை வடக்கே இருக்கும் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற இங்கிலாந்தின் பழைய கல்வட்டத்தில் அது சரிந்து ஏறுவதால், ஜூன் 21 அளவில் வரும் மிக நீண்ட பகல் நாளில் இதே 2 பாகை உயரம் 3 பாகைக்கு மேல் தள்ளிவிடும். இந்த வேலைக்கு நம் ஊர் நல்ல ஊர்.

ஆனால் இந்தப் பொருத்தமே உங்கள் ஆயிரம் வருடக் கணக்குக்கு எதிராக நிற்கிறது. சித்திரை 1 என்பது சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாள், அதாவது நட்சத்திரங்களை வைத்துக் குறித்த நாள். உதயத் திசையோ பருவத்தோடு போகிறது. பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் இரண்டும் ஏறக்குறைய 70 வருடத்துக்கு ஒரு நாள் விலகுகின்றன. ஆயிரம் வருடத்துக்கு முன் சித்திரைப் பிறப்பன்று சூரியன் உதித்தது, இப்போது மார்ச் கடைசியில் உதிக்கும் இடத்தில்: 86 பாகையில். அன்று சித்திரைக்கென்று கட்டிய வாசலுக்குள் இன்றைக்குப் பங்குனி வெயில்தான் நேராகப் போகும்.

அப்புறம் வாசல். அகலம் 3 அடி, மூலஸ்தானம் 30 அடி உள்ளே என்று வையுங்கள். அந்தத் திறப்பு 5.7 பாகை. ஏப்ரலில் உதயம் நாளுக்கு 0.4 பாகை அளவு நகர்கிறது. ஆகவே கிட்டத்தட்ட பதினைந்து நாள் வெயில் உள்ளே வரும். நீங்கள் போனது ஒரு நாள். முன்னும் பின்னும் பார்த்தீர்களா?

போன் திசைகாட்டியையும் நான் நம்பமாட்டேன். மண்டபத்துக் கொங்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் ஊசி இழுபடும். ஒரு பாகை பிழை என்றால் இரண்டரை நாள் பிழை. கோயில் வெளிவீதியில் சமதரையாகப் பார்த்து 3 அடிக் கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். அதை நடுவாக வைத்து 3 அடிக் கயிற்றால் வட்டம் போடுங்கள். காலை ஒன்பது மணிக்குப் பிறகு நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே போகும். அங்கே ஒரு ஆணி. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெளியே வரும். அங்கே இன்னொன்று. இரண்டையும் கயிற்றால் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்கு. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கிறவர்களும் கோல் நட்டு, நிழல் பார்த்து, கயிறு பிடித்துத்தான் திசை குறிக்கிறார்கள். அதைச் செய்யத் தெரிந்த மக்கள் நாம். அதனால்தான் இதை ஊகத்தில் விட எனக்கு மனமில்லை.

முறையாக நிழல் பார்த்துக் கட்டியிருந்தால் வாசல் நேர் கிழக்கை, 90 பாகையை, நோக்கும். உங்கள் கோயில் பத்துப் பாகை அளவு திரும்பியிருக்கிறது. வாவிக் கரையை ஒட்டித் திருப்பியிருக்கலாம், அத்திவாரம் போட்ட நாளின் உதயத்தைப் பார்த்துக் குறித்திருக்கலாம். கோயிலை இடையில் திருப்பிக் கட்டினார்களா என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

ஒரு திசையில் சூரியன் வருடத்தில் இரண்டு தரம் உதிக்கும். ஏப்ரல் 14இன் இணை நாள் ஆகஸ்ட் 29. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கி, ஒவ்வொரு விடியலும் வெயில் தரையில் எதுவரை வருகிறது என்று சோக்கால் கோடு போட்டு, திகதி எழுதி வையுங்கள். வாசல் அகலத்தையும் அளந்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.